கடை வாடகையில் எழுந்த மினாராக்கள்

கெய்ரோவுக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் பிரமிடுகளையும் அருங்காட்சியகத்தையும் பார்த்து முடித்த பிறகு, மிச்சமிருக்கும் ஒரு மாலைப்பொழுதில் கான் அல்-கலீலிக் கடைத்தெருவுக்குப் போய் நாலு சாமான் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவது வழக்கம். அந்தக் கடைத்தெரு எந்த நகரத்துக்குள் இருக்கிறதோ அந்த நகரத்தைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தொழுகையும் வியாபாரமும் தோளோடு தோள் உரசி நடக்கும் பழைய கெய்ரோவுக்கு ஒரு முழு நாளாவது கொடுக்க வேண்டும். காலையில் வடக்கு வாசலில் தொடங்கித் தெற்கு நோக்கி நடக்க வேண்டும். வாசலிலிருந்து வாசலுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான். ஆனால் நின்று பார்த்து நடந்தால் பொழுது சாய்ந்துவிடும்.

கி.பி. 969-இல் ஃபாத்திமியக் கலீஃபா அல்-முயிஸின் படைத்தளபதி ஜவ்ஹர் எகிப்தைக் கைப்பற்றினார். கலீஃபா வந்து தங்குவதற்கு மதில் சூழ்ந்த அரச நகரம் ஒன்றை அமைத்தார். நடுவில் எதிரெதிராக இரண்டு அரண்மனைகள், அவற்றுக்கு இடையே பெரிய வீதி. சாமானியர்கள் தெற்கே ஃபுஸ்தாத்தில் குடியிருந்தார்கள். இந்த மதிலுக்குள் அவர்கள் நினைத்தபடி நுழைய முடியாது. 1171-இல் சலாஹுத்தீன் அய்யூபி ஃபாத்திமிய ஆட்சியை முடித்துவைத்த பிறகு வாசல்கள் எல்லோருக்கும் திறந்தன. அடுத்து வந்த மம்லூக் சுல்தான்கள் 1250 முதல் 1517 வரை ஆண்டார்கள். அரண்மனைகள் நின்ற இடங்களில் பள்ளிவாசல், மதரஸா, மருத்துவமனை, சத்திரம் என்று அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்டினார்கள். அந்தப் பெரிய வீதிக்கு இப்போது அல்-முயிஸ் தெரு என்று பெயர். 1979-இல் இந்தப் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

வடக்கு வாசலிலிருந்து

பாப் அல்-ஃபுதூஹ் என்னும் வடக்கு வாசல் 1087-இல் கட்டப்பட்டது. ஆர்மீனிய வம்சத்தைச் சேர்ந்த வசீர் பத்ர் அல்-ஜமாலி, மண்கட்டி மதிலை இடித்துவிட்டுக் கருங்கல்லைப் போலத் திண்மையான கற்சுவரை எழுப்பிய காலம் அது. உருண்டையான இரண்டு கொத்தளங்களுக்கு நடுவே வளைவு. அதன் நிழலில் நின்றால் உள்ளே இருந்து குளிர்ந்த காற்று வருகிறது. வெளியே பூண்டும் வெங்காயமும் ஏற்றி வந்த வண்டிகள் நிற்கின்றன. உள்ளே கால் வைத்ததும் இடப்பக்கம் அல்-ஹாகிம் பள்ளிவாசல்.

1013-இல் கட்டி முடிந்த இந்தப் பள்ளிவாசல் படாத பாடு பட்டிருக்கிறது. சிலுவைப் போரில் பிடிபட்டவர்களை இங்கே அடைத்துவைத்தார்கள். குதிரை லாயமாக இருந்தது. நெப்போலியனின் படை இதைக் கிடங்காக்கியது. கூரை இடிந்து கிடந்த இதை 1980-இல் எடுத்துக் கட்டியவர்கள் தாவூதி போரா சமூகத்தார். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இவர்கள் ஃபாத்திமிய இமாம்களைத் தங்கள் முன்னோடிகளாகக் கொண்டாடுகிறவர்கள். வெள்ளைப் பளிங்கு பாவிய அகன்ற முற்றத்தில் குஜராத்தி பேசும் குடும்பங்களை இன்றும் பார்க்கலாம். பழைமையை இழந்து புதுக்கட்டடம் ஆகிவிட்டது என்று கட்டடக்கலை அறிஞர்கள் சிலர் குறைபட்டார்கள். என் மனம் அதை ஏற்கவில்லை. முற்றத்தில் குழந்தைகள் ஓடுகிறார்கள், தூணில் சாய்ந்து ஒருவர் குர்ஆன் ஓதுகிறார், ஒளூ செய்துவிட்டு ஈரக்காலோடு ஆட்கள் வருகிறார்கள். பள்ளிவாசல் பள்ளிவாசலாக இருக்கிறது.

சற்றுத் தெற்கே அல்-அக்மர் பள்ளிவாசல். சிறியது, 1125-இல் கட்டியது. இதையும் போராக்கள் செப்பனிட்டிருக்கிறார்கள். இங்கே அவசரப்படாமல் நிற்க வேண்டும். தொழுகை மக்காவை நோக்கி நடக்க வேண்டும். தெருவோ வேறு திசையில் போகிறது. பள்ளிவாசலை கிப்லாவுக்கு நேராகத் திருப்பினால் முகப்பு தெருவுக்குக் கோணலாக நிற்கும். இதைக் கட்டியவர்கள் முகப்புச் சுவரைத் தெருவோடு இணையாக வைத்தார்கள், உள்ளே தொழும் மண்டபத்தை மக்காவை நோக்கித் திருப்பினார்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே விழும் ஆப்பு வடிவ இடத்தைச் சுவரின் கனத்துக்குள்ளேயே ஒளித்துவிட்டார்கள். முகப்பில் சிப்பி விரிந்ததுபோல் ஒரு வளைவு, அதன் நடுவட்டத்தில் முஹம்மது, அலி என்னும் பெயர்கள். தெருவுக்கும் மரியாதை, தொழுகைக்கும் மரியாதை. இந்த நகரத்தின் பிற்காலக் கட்டடங்கள் எல்லாமே இந்தப் பாடத்தைப் படித்தவைதாம்.

தெரு இரண்டாகப் பிரியும் இடத்தில் அப்துர் ரஹ்மான் கத்குதா 1744-இல் கட்டிய ஸபீல் நிற்கிறது. கீழே மூன்று பக்கமும் கம்பி ஜன்னல்கள். அவற்றின் வழியாகப் போகிற வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மேலே மரத்தூண்கள் தாங்கும் திறந்த மாடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். வெயிலில் வாடும் ஊரில் ஒரு செல்வந்தர் செய்யக்கூடிய இரண்டு தர்மங்களும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஸபீல்கள் பழைய கெய்ரோவில் தெருவுக்குத் தெரு இருந்தன.

யார் செலவு செய்தார்கள்?

இவ்வளவையும் கட்டியது சுல்தான்களும் அமீர்களும் என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. கட்டிய பிறகு நூற்றாண்டுக் கணக்கில் விளக்கெரித்தது யார்? இமாமுக்கும் பாங்கு சொல்கிறவருக்கும் சம்பளம் கொடுத்தது யார்? பதில் தெருவின் இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கிறது. கடைகள்தாம் கொடுத்தன.

வக்ஃபு என்னும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. நம் ஊர்ப் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் வயலும் தோப்பும் கடையும் எழுதிவைத்திருக்கிறார்கள். கெய்ரோவில் ஒரு நகரமே இந்த ஏற்பாட்டில் ஓடியது. பள்ளிவாசல் கட்டுகிறவர் கூடவே கடைகள், குளியல் கூடங்கள், சத்திரங்கள், விளைநிலங்களையும் எழுதிவைப்பார். அவற்றை விற்க முடியாது, வாரிசுகள் பங்குபோட முடியாது. வருமானம் எதற்கெல்லாம் போக வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும்: விளக்குக்கு எண்ணெய், தரைக்குப் பாய், ஆசிரியருக்கும் மாணவருக்கும் படி, அநாதைப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் துணியும். இந்தப் பத்திரங்களில் பல இன்றும் பத்திரமாக இருக்கின்றன. மம்லூக் காலத்துச் சமூக வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு இவைதாம் புதையல்.

இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிதாக வளர முடியும் என்பதை சுல்தான் கலாவூனின் வளாகத்தில் பார்க்கலாம். 1284, 1285 ஆகிய ஆண்டுகளில், ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் எழுந்தது. அடக்கத்தலம், மதரஸா, மருத்துவமனை மூன்றும் ஒரே வாசலுக்குப் பின்னால். கலாவூன் அமீராக இருந்தபோது டமாஸ்கஸில் நூருத்தீன் கட்டிய மருத்துவமனையின் மருந்தால் பிழைத்தார், அரசனானால் இதுபோல ஒன்று கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். ஆணோ பெண்ணோ, ஏழையோ பணக்காரரோ, உள்ளூரோ வெளியூரோ, யார் வந்தாலும் குணமாகும்வரை இலவசமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. 1326-இல் கெய்ரோவுக்கு வந்த இப்னு பதூதா இந்த மருத்துவமனையின் சிறப்பை வர்ணிக்க முடியாது என்று வியந்தார். 1340-களில் மதுரை சுல்தானகத்துக்கும் வந்து போன அதே இப்னு பதூதாதான். பழைய மருத்துவமனையில் பெரும்பகுதி இடிந்துபோனாலும் அந்த வளாகத்தில் இன்றும் கண் மருத்துவமனை ஒன்று இயங்குகிறது.

அடக்கத்தலத்தின் உள்ளே வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராபின் குழிவில் பளிங்கும் முத்துச்சிப்பியும் இழைத்த வேலைப்பாட்டைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: இதைக் கட்டும்போது தெருவில் போனவர்களைப் பிடித்துக் கட்டாய வேலை வாங்கினார்கள், குடியிருந்தவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள் என்று மக்ரீஸியே பதிவு செய்திருக்கிறார். அப்படி எழுந்த இடத்தில் தொழலாமா என்று மார்க்க அறிஞர்கள் கேள்வி எழுப்பினார்கள். தர்மம் செய்கிறவரிடமும் நியாயம் கேட்ட ஊர் இது.

பக்கத்திலேயே சுல்தான் அல்-நாசிர் முஹம்மதின் மதரஸா. அதன் வாசல் மட்டும் இந்த ஊருக்கு ஒட்டாத வடிவத்தில், கூர்வளைவோடு நிற்கிறது. 1291-இல் அக்கா நகரம் சிலுவைப் படையினரிடமிருந்து மீண்டபோது அங்கிருந்த தேவாலயத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பளிங்கு வாசல் அது.

மிளகின் தெரு

கான் அல்-கலீலி, 1380-களில் சுல்தான் பர்கூக்கின் அமீர் ஜஹார்கஸ் அல்-கலீலி கட்டிய வணிகச் சத்திரம். ஃபாத்திமியக் கலீஃபாக்களின் அடக்கத்தலங்களை அகற்றிவிட்டு அந்த இடத்தில் கட்டினார். 1511-இல் சுல்தான் அல்-கூரி அதைப் புதுப்பித்தார். அவர் வைத்த கல்வாசல்களின் கீழே இப்போது விளக்குகளும் வெள்ளி நகைகளும் தொங்குகின்றன. சந்துக்குள் சந்து. தலையில் ரொட்டித் தட்டைத் தாங்கி ஒரு கையால் சைக்கிள் ஓட்டி வருகிறவருக்கு எல்லோரும் சுவரோடு ஒட்டி வழிவிடுகிறார்கள். ஃபிஷாவி தேநீர்க்கடையின் பெரிய நிலைக்கண்ணாடிகளுக்குக் கீழே புதினா போட்ட தேநீர் குடித்துக் கொஞ்சம் கால் ஆறலாம். இந்தப் பகுதியில், ஜமாலிய்யாவில், 1911-இல் பிறந்தவர் நகீப் மஹ்ஃபூஸ். 1988-இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய புகழ்பெற்ற முந்நாவல்களுக்கு வைத்த பெயர்கள் மூன்றும் இந்தப் பேட்டைத் தெருக்களின் பெயர்கள்.

கடைத்தெருவுக்கு எதிரே ஹுசைன் பள்ளிவாசல். கர்பலாவில் ஷஹீதான இமாம் ஹுசைனின் திருத்தலை இங்கே அடக்கமாகியிருக்கிறது என்பது எகிப்திய மக்களின் உறுதியான நம்பிக்கை. கண்ணீர் விட்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் அந்த அன்பின் ஆழம் புரியும். சாலையின் மறுபக்கம் அல்-அஸ்ஹர். 970-இல் தொடங்கி 972-இல் முதல் ஜும்ஆ நடந்த பள்ளிவாசல். இன்றைக்கு உலகமெங்குமிருந்து மாணவர்கள் வந்து படிக்கும் பல்கலைக்கழகத்தின் தாய்வீடு. பளிங்கு முற்றத்தைச் சுற்றிய தூண்களின் கீழே ஆசிரியர் அமர, மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து பாடம் கேட்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

மீண்டும் அல்-முயிஸ் தெருவைப் பிடித்து நடந்தால் மசாலாக் கடைகள் மூக்கைத் தொடுகின்றன. சீரகம், ஏலம், காய்ந்த செம்பருத்தி, மிளகு. இதன் ஓரத்தில்தான் சுல்தான் பர்ஸ்பாய் 1425-இல் எழுப்பிய மதரஸா நிற்கிறது. மிளகு வியாபாரத்தை அரசின் ஏகபோகமாக்கியவர் அவர். மலபாரில் ஏற்றிய மிளகு செங்கடல் துறைகளில் இறங்கி, நைல் வழியாகக் கெய்ரோ வந்து, அலெக்ஸாண்டிரியாவில் வெனிஸ் வியாபாரிகள் கைக்குப் போனது. மினாராக்களுக்குப் பின்னால் இருந்த செல்வத்தில் நம் கடலின் பங்கு பெரிது. அந்த வழி மிகப் பழையது. செங்கடலோரக் குசைர் அல்-கதீமில் கணன், சாதன் என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. அவை ரோமானியர் காலத்தவை.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதும் இந்தத் தெருவின் தலைவிதி மாறத் தொடங்கியது. அல்-கூரி போர்ச்சுக்கீசியரைத் தடுக்கக் கப்பற்படை அனுப்பினார். 1509-இல் டையூவில் அது தோற்றது. 1516-இல் உஸ்மானியருக்கு எதிரான மர்ஜ் தாபிக் போர்க்களத்தில் அவரே மடிந்தார், உடல்கூடக் கிடைக்கவில்லை. தெருவின் இருபக்கமும் எதிரெதிரே அவர் கட்டிய பள்ளிவாசலும் அடக்கத்தலமும் கம்பீரமாக நிற்கின்றன. அடக்கத்தலத்தில் அவர் இல்லை. கெய்ரோக் கோட்டைக்குக் கீழே இருக்கும் மாபெரும் பள்ளிவாசலைக் கட்டிய சுல்தான் ஹஸனுக்கும் இதே கதிதான்: 1361-இல் கொல்லப்பட்டார், உடல் கிடைக்கவில்லை. ஆனால் அல்-கூரி பள்ளிவாசலின் அடித்தளத்தில் வாடகைக்கென்று வைத்த கடைகளில் இன்றும் துணி விற்கிறார்கள். அருகே அவர் கட்டிய வணிகச் சத்திரத்தின் முற்றத்தில் இப்போது பாவாடை சுழல ஆடும் தன்னூரா நடனம் நடக்கிறது.

தைக்கும் தெரு

தெற்கு வாசல் பாப் சுவைலா, 1092-இல் கட்டியது. அதன் கொத்தளங்களின் மேல் இரட்டை மினாராக்கள். அவை வாசலை ஒட்டிய முஅய்யத் ஷைக் பள்ளிவாசலுக்குச் சொந்தம். இந்த இடத்திலிருந்த சிறையில் அடைபட்டுத் துன்பப்பட்ட முஅய்யத், வெளியே வந்தால் சிறையை இடித்துப் பள்ளிவாசல் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டு, சுல்தானானதும் நிறைவேற்றினார். மம்லூக்குகளின் கடைசி சுல்தான் தூமான்பாயை 1517-இல் உஸ்மானியர் தூக்கிலிட்டதும் இந்த வாசலில்தான். மினாராவில் ஏறிப் பார்த்தால் நடந்து வந்த தெரு முழுவதும் கண்ணுக்குக் கீழே கிடக்கிறது.

வாசலைத் தாண்டியதும் 1160-இல் கட்டிய ஸாலிஹ் தலாயி பள்ளிவாசல். இதுவும் கடைகளின் மேல் கட்டிய பள்ளிவாசல்தான். எட்டரை நூற்றாண்டுகளில் தெருமட்டம் உயர்ந்து உயர்ந்து, அந்தக் கடைகள் இப்போது பள்ளத்துக்குள் இருக்கின்றன. கைப்பிடிச் சுவரோரம் குனிந்து பார்த்தால் வரிசையாகக் கடைவாசல்கள் தெரியும். கட்டும்போதே வருமானத்துக்கு வழி செய்துவிட்டுத்தான் மேலே தூண் எழுப்பினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எதிர்ப்புறம் கூரை வேய்ந்த கடைவீதி, 17-ஆம் நூற்றாண்டில் ரித்வான் பே அமைத்தது. கயாமிய்யா, கூடாரம் தைப்பவர்களின் தெரு. கடையின் உயரமான திண்ணையில் சம்மணமிட்டு ஒரு பெரியவர் தைத்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். வேலையை முதலிலிருந்து காட்டினார். தடித்த தாளை மடித்துக் கால்பங்குக்கு மட்டும் கோலம் வரைகிறார்கள். மடிப்போடு சேர்த்துக் கோடுகள் நெடுக ஊசியால் குத்தித் துளையிடுகிறார்கள். விரித்துத் துணிமேல் பரப்பி, கரித்தூளைத் தட்டினால் துளைகள் வழியாகப் புள்ளிக்கோலம் முழுதாக இறங்கிவிடுகிறது. வண்ணத் துணியைப் பெரிய கத்தரியால் வெட்டி அதன்மேல் வைத்து, ஓரத்தை ஊசிமுனையாலேயே உள்ளே தள்ளித் தள்ளித் தைக்கிறார். தையல் வெளியே தெரிவதே இல்லை. இடதுகைப் பெருவிரல் துணியை மடித்துப் பிடிப்பதும் வலதுகை ஊசியை இழுப்பதும் ஒரே அசைவாக இருந்தது. என் கண் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

ஹஜ் பயணிகளின் கூடாரங்களை இந்தத் தெரு தைத்தது. கஅபாவுக்குப் போர்த்தும் கிஸ்வாவும் 1962 வரை பெரும்பாலும் கெய்ரோவில் நெய்து மக்காவுக்குப் போனது. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் தெருவை அடைத்துப் போடும் பந்தல்துணிகளுக்கும் இவர்கள்தாம் கைத்தையல் போட்டார்கள். பிறகு அதே கோலத்தை அச்சடித்த ஆலைத்துணி மலிவாக வந்துவிட்டது. தன் தகப்பனார் கூடாரம் தைத்தார், தான் சுவரில் மாட்டும் துணி தைக்கிறேன், பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவில்லை என்றார் பெரியவர். புகார் சொல்கிற குரல் இல்லை. சொல்லும்போதும் கை நிற்கவில்லை.

1952 புரட்சிக்குப் பிறகு வக்ஃபுச் சொத்துகளின் நிர்வாகம் அரசின் கைக்குப் போனது. கடைக்கும் அதன் தலைக்குமேல் இருக்கும் பள்ளிவாசலுக்கும் இருந்த நேரடிக் கணக்கு அறுந்தது. நிலத்தடி நீர் ஏறிக் கற்களை உப்பு அரித்தது. 1992 அக்டோபரில் வந்த நிலநடுக்கம் பல மினாராக்களை விரிசல் விடவைத்தது. அதன்பின் பெரும் பொருட்செலவில் செப்பனிட்டார்கள், தெருவுக்குக் கல் பாவினார்கள், விளக்கு வைத்தார்கள். அந்தப் பணி பாராட்டத்தக்கது. ஆனாலும் செப்பனிட்டுப் பூட்டிவைத்த கட்டடங்களில் ஓரிரு ஆண்டிலேயே தூசு படிகிறது. ஐந்து வேளை தொழுகிறவர்களும், கீழே கடை போட்டிருப்பவர்களும் உள்ள இடத்தில் ஒரு கல் பெயர்ந்தால் அன்றைக்கே யாராவது கவனிக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் தெற்கே இன்னும் கொஞ்சம் போய் இமாம் ஷாஃபிஈயின் அடக்கத்தலத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும். 820-இல் மறைந்த அவருக்கு 1211-இல் அய்யூபி சுல்தான் அல்-காமில் எழுப்பிய குவிமாடக் கட்டடம் அது. உச்சியில் ஒரு செம்புப் படகு. காயல்பட்டினமும் கீழக்கரையும் உள்ளிட்ட நம் கடற்கரை முஸ்லிம்கள் பின்பற்றும் மத்ஹபு அவருடையது. கடல்வழியாக மிளகு போன திசையிலிருந்து மார்க்கச் சட்டம் நம் கரைக்கு வந்திருக்கிறது.

கான் அல்-கலீலியில் விற்கும் நினைவுப் பொருட்களில் பல வெளிநாட்டு ஆலைகளில் செய்து வருபவை. விலை பேசி வாங்கும் உற்சாகத்தில் அது தெரியாது. பாப் சுவைலாவைத் தாண்டிக் கயாமிய்யாவுக்குப் போங்கள். அங்கே ஊசியும் கையுமாக உட்கார்ந்திருப்பவரிடம், அவர் தைத்ததை அவர் சொல்லும் விலைக்கு வாங்குங்கள். ஆயிரம் ஆண்டுகளாக இந்தத் தெருவைக் காப்பாற்றி வந்தது அதன் வியாபாரம். இனிமேலும் அதுதான் காப்பாற்ற வேண்டும். கடையில் வேலை நடக்கிறவரைக்கும் மேலே பாங்கு ஒலிக்கும்.